எதுவும் நடக்காத ஆண்டுகளின் கதை

1

2006இல் ஆச்சிக்குக் காய்ச்சல் வந்தபோது நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் நான்கே நாளில் இறங்கிவிட்டது. மூட்டுவலி இறங்கவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த மாதங்கள் அவை. நோயின் பெயரை ‘சிக்கன் குனியா’ என்று காதில் வாங்கிக்கொண்டு கோழிக்கறியை நிறுத்தியவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலேயே தீபாவளி வரைக்கும் கோழி கிடையாது.

நிலவேம்புக் கசாயத்தை முகம் சுளித்துக் குடித்துவிட்டு ஆச்சி ஒருநாள் கேட்டாள்: “ஏய்யா, எனக்கு எழுபது வயசாச்சு. இப்படி ஒரு காய்ச்சலப் பாத்ததே இல்ல. இது எங்கேருந்துய்யா வந்துச்சு?”

“புதுசா வந்த வைரஸ் ஆச்சி” என்றேன். சயின்ஸ் குரூப் படிக்கிற பேரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நம்பினாள்.

அந்தப் பதில் தப்பு என்று தெரியவர எனக்குப் பல வருஷம் ஆயிற்று. சரியான பதில் ஒரு கொசுவுக்குள் இருந்தது. அதை ஆச்சிக்குக் காய்ச்சல் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே ஒருவர் பிடித்து, அரைத்து, படித்து, எழுதியும் வைத்திருந்தார். அந்தக் கொசுவைப் பற்றியும், அப்படிப்பட்ட கொசுக்களுக்கு நம் கதைகளில் ஏன் இடமே இல்லை என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

2

சிக்குன்குனியா 1952–53இல், இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் முதலில் அடையாளம் காணப்பட்டது. பெயர் மகோண்டே மொழியிலிருந்து வந்தது. வலியில் உடம்பு வளைந்துபோவதைக் குறிப்பது. 1963இல் அது கல்கத்தாவுக்கு வந்தது. 1964இல் சென்னைக்கு வந்தது. ஆம், நம் சென்னைக்குத்தான். 1973இல் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் உள்ள பார்சியில் ஒரு பரவல். அதன்பிறகு 32 ஆண்டுகள் இந்தியாவில் பெரிய பரவல் எதுவும் இல்லை. புனேயில் உள்ள தேசிய வைரஸியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த கோர்ஷெத் பவ்ரி 1986இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் எழுதிய குறிப்பின் பொருளே, இந்த வைரஸ் இந்தியாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் மறைந்துபோனது பற்றியதுதான்.

2000இல், புனே–சோலாப்பூர் நெடுஞ்சாலையில் இருக்கும் யவத் என்ற சிறிய ஊரில், அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏடிஸ் எஜிப்டி கொசுக்களைப் பிடித்தார்கள். அவற்றிலிருந்து சிக்குன்குனியா வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 2001இல் அது ஆய்விதழில் வெளியானது. மறைந்துபோனதாக நினைத்த ஒன்று கொசுவுக்குள் உயிரோடு இருந்தது என்பதுதான் அந்தக் கட்டுரை சொன்ன செய்தி.

2005 கடைசியில் தென்னிந்தியாவில் காய்ச்சல் தொடங்கியது. 2006இல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 14 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்றது அரசுக் கணக்கு. அந்த 14 லட்சத்தில் ஆச்சி இருந்தாளா என்று தெரியாது. அவள் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. பரவலுக்குப் பிறகு ஆய்வாளர்கள் வைரஸின் மரபணு வரிசையைப் பார்த்தபோது, 1963 முதல் 1973 வரை இங்கே இருந்த ஆசிய வகை அது இல்லை, ஆப்பிரிக்க வகை என்று தெரிந்தது. பழைய மாதிரிகளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். யவத் கொசுவில் இருந்ததும் ஆப்பிரிக்க வகைதான்.

இங்கே அவசரப்பட்டு ஒரு திரைக்கதை எழுதிவிடக் கூடாது. 2006இன் பரவல் யவத்திலிருந்து கிளம்பவில்லை. 2004இல் கென்யக் கடற்கரையில் தொடங்கி, கொமொரோஸ், ரீயூனியன் தீவுகளைச் சுருட்டிக்கொண்டு வந்த அலையோடுதான் அது நெருக்கமான உறவு. யவத் ஒரு கிளைக்கதை. ஆனால் ஐந்து வருஷம் முன்பே ‘இந்த வகை இந்த மண்ணில் இருக்கிறது’ என்று சொன்ன ஒரே சாட்சி அதுதான்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். சாயங்காலம் ஒரு பொறியைத் தொங்கவிடுவார்கள். உள்ளே சின்ன விளக்கும் விசிறியும் இருக்கும், மேலே உலர்பனி. உலர்பனியிலிருந்து வரும் கரியமில வாயுவை ஏதோ ஒரு பிராணியின் மூச்சு என்று நினைத்துக் கொசு வரும். விசிறி உள்ளே இழுத்துவிடும். காலையில் எடுத்துவந்து, சூடு ஏறாமல் குளிர்ந்த மேசையில் பரப்பி, உருப்பெருக்கியில் ஒவ்வொன்றாகப் பார்த்து இனம் பிரிப்பார்கள். கடிப்பது பெண் கொசு மட்டும்தான் என்பதால் ஆண்களைத் தள்ளிவிடுவார்கள். ஒரே ஊர், ஒரே நாள், ஒரே இனம் என்று வகைப்படுத்தி, குழாய்க்கு 50 வரை போட்டு அரைத்து, வைரஸின் ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று பி.சி.ஆரில் பார்ப்பார்கள். 2000 கொசு 40 குழாயாகும். ஒரு குழாயில் ‘உண்டு’ என்று வந்தால் ஆயிரத்துக்குக் குறைந்தது 0.5 என்று கணக்கெழுதுவார்கள். என்னைப்போன்ற புரோகிராமர்களுக்கு இந்தத் தர்க்கம் பரிச்சயம். ஒவ்வொன்றாகத் தேடாமல் மூட்டையாகத் தேடுவது.

பெரும்பாலான நாட்களில் 40 குழாயும் ‘இல்லை’ என்றுதான் சொல்லும். அடுத்த வாரமும் இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. உலகத்திலேயே மிக நீளமான, மிகச் சலிப்பான பிரதி ஒன்று இப்படி எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும் பிரதி. அதை வாசிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

3

நம் கதைகளுக்கு இல்லை. 2011இல் வெளிவந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். ‘ஏழாம் அறிவு’ படத்தில் வில்லன் ஒரு தெருநாய்க்கு ஊசி போடுகிறான், நோய் கிளம்புகிறது. நோய்க்கு ஒரு முகம், ஒரு சதி, ஒரு கிளைமாக்ஸ் சண்டை. அதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அறிவியல்ரீதியாகப் பாராட்டப்பட்ட சோடர்பெர்கின் ‘கன்டேஜன்’ கொஞ்சம் கஷ்டமான கேஸ். அந்தப் படம் ‘இரண்டாம் நாள்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும். முதல் நாள் எங்கே என்று நாம் படம் முழுக்கக் காத்திருப்போம். கடைசி இரண்டு நிமிஷத்தில் அது வரும்: மரத்தைச் சாய்க்கும் புல்டோசர், கலைந்து பறக்கும் வௌவால், பன்றி, சமையல்காரர், ஒரு கைகுலுக்கல். பிரமாதமான முடிவு. தியேட்டரில் எனக்கும் சிலிர்த்தது.

ஆனால் கவனித்துப் பாருங்கள். அந்த முதல் நாளைப் படத்துக்குள் இருக்கும் ஒருவர்கூடப் பார்ப்பதில்லை. கேமரா மட்டும்தான் பார்க்கிறது. நோய்க்கு முந்தைய காலம் என்பது கடவுளுக்கும் டிக்கெட் வாங்கியவருக்கும் மட்டுமே தெரிகிற ஒன்று. அங்கே ஒரு பொறியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நின்றிருக்கலாம் என்ற சாத்தியமே படத்துக்குத் தோன்றவில்லை. ஆஷிக் அபுவின் மலையாளப் படம் ‘வைரஸ்’ (2019) இதைவிட நுட்பமானது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியதைப் பற்றியது. அதில் நோயாளிகளுக்கு இடையிலான கண்ணிகளை நோட்டுப் புத்தகமும் கையுமாகத் தேடுகிற ஆட்களே மையப் பாத்திரங்கள். இருந்தும் தேடல் பின்னோக்கித்தான் போகிறது. சாவு விழுந்த பிறகுதான் கதை தொடங்க முடிகிறது.

கொசுவையே மையமாக வைத்த நாவல் என்றால் அமிதவ் கோஷின் ‘தி கல்கத்தா குரோமசோம்’ (1995). 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார் என்பது வரலாறு. அதற்காகத் தன் உடம்பைக் கடிக்கக் கொடுத்த ஹுசைன் கான் என்பவருக்குக் கொசு ஒன்றுக்கு ஓரணா கொடுத்தார் என்பதும் வரலாறுதான். ராஸின் புகழுக்குப் பின்னால் நின்ற உதவியாளர்கள் யார் என்று கேட்டதில் கோஷ் பெரிய ஆள். நாவலில் அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவனின் பெயர் முருகன் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷமும் உண்டு. ஆனால் நாவல் அந்த உதவியாளர்களுக்குக் கொடுக்கும் மரியாதை விசித்திரமானது. மங்களா, லட்சுமண் எல்லோரும் ஒரு ரகசியக் குழுவின் ஆட்களாகிறார்கள். விஞ்ஞானியை ஆட்டுவிக்கிற, சாவைத் தாண்டப் பார்க்கிற மாய சக்திகளாகிறார்கள். கொசு பிடிப்பவரைச் சுவாரசியமாக்க அவரை மந்திரவாதியாக்க வேண்டியிருந்திருக்கிறது. வெறும் கொசு பிடிப்பவராக அவர் போதவில்லை. நாவலை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்த இடம் இதுதான்.

இதற்கு இலக்கியத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. கதை என்றால் ஏதோ நடக்க வேண்டும் என்பது மனித குணம். சங்கக் கவிதையின் குறிஞ்சித் தலைவி தினைப்புனத்துப் பரணில் உட்கார்ந்து, தட்டையும் குளிரும் வைத்துக் கிளி ஓட்டுகிறாள். கண்காணிப்பு என்ற வேலைக்கு இதைவிட அழகான காட்சி எந்த மொழியில் இருக்கும்? ஆனால் நமக்கு அந்தக் காவல் ஒரு சாக்கு. அவன் வருவானா என்பதுதான் கவிதை. கிளி வராமல், அவனும் வராமல், தினை பத்திரமாக விளைந்து அறுவடையான வருஷத்தை யார் பாடுவது?

4

பரண் என்றதும் இன்னொரு பரண் ஞாபகம் வருகிறது. உகாண்டாவில் என்டபே அருகே ஒரு காடு. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆதரவில் இயங்கிய மஞ்சள் காய்ச்சல் ஆய்வு நிறுவனம், அங்கே மரங்களின் உச்சியில் பரண் கட்டி, கூண்டுகளில் குரங்குகளை வைத்திருந்தது. மஞ்சள் காய்ச்சல் வைரஸ் அந்தக் காட்டில் சுற்றுகிறதா என்று பார்க்க. குரங்குக்குச் சூடு ஏறினால் ரத்தம் எடுப்பார்கள். 1947 ஏப்ரலில் 766 என்ற எண்ணுள்ள குரங்குக்குக் காய்ச்சல் வந்தது. எடுத்துப் பார்த்தால் மஞ்சள் காய்ச்சல் இல்லை. அதுவரை யாரும் அறியாத ஒன்று. காட்டின் பெயரையே வைத்தார்கள்: ஸிகா. அடுத்த வருஷம் அதே காட்டில் பிடித்த ஏடிஸ் ஆஃப்ரிகானஸ் கொசுக்களிலும் அது கிடைத்தது. பிறகு கிட்டத்தட்ட 60 ஆண்டுகள் அது ஆய்விதழ்களின் பழைய தொகுப்புகளில் தூங்கியது. 2007இல் பசிபிக்கின் யாப் தீவில் விழித்தது. 2015இல் பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் செய்தி வந்தது. 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது.

அதே 1947இன் ஜூனில் பாரிஸில் ஒரு நாவல் வெளியானது: ஆல்பெர் காம்யுவின் ‘கொள்ளைநோய்’. குரங்கு 766க்கும் அந்த நாவலுக்கும் இரண்டே மாத இடைவெளி என்பது தற்செயல்தான். ஆனால் எனக்குத் தெரிந்து, இந்தக் கட்டுரை தேடுகிற மனிதரைக் கண்டுபிடித்த ஒரே பெரிய நாவல் அதுதான்.

முதலில் எலிகள். ஓரான் நகரத்தில் எலிகள் வெளியே வந்து செத்து விழுகின்றன. குடியிருப்பின் காவலாளி, தன் கட்டடத்தில் எலியே கிடையாது, எவனோ விளையாட்டுக்குக் கொண்டுவந்து போடுகிறான் என்று சாதிக்கிறார். நோயில் முதலில் சாகிறவர் அவர்தான். இடையில் ஒரே நாளில் 6,231 செத்த எலிகளைச் சேகரித்து எரித்ததாக வானொலியில் அறிவிப்பு வருகிறது. எண்ணுகிறார்கள். சரியாகவே எண்ணுகிறார்கள். எண்ணிவிட்டு அருவருப்படைகிறார்களே தவிர, அந்த எண்ணை யாரும் வாசிப்பதில்லை. ஒருநாள் எலிகள் நின்றுபோகின்றன. நகரம் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. இதைவிடத் துல்லியமாக நோய்க் கண்காணிப்பின் தோல்வியை எந்த அறிக்கையும் எழுதியதில்லை.

பிறகு ழோசெஃப் கிராண்ட். நகராட்சியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் எழுத்தர். பகலில் அலுவலக வேலை. சாயங்காலம் சுகாதாரக் குழுவுக்காகப் புள்ளிவிவரம் எழுதித் தருகிறார். ராத்திரி தன் நாவலின் முதல் வாக்கியத்தை, குதிரையில் போகும் ஒரு பெண்ணைப் பற்றிய அந்த ஒரே வாக்கியத்தை, வருஷக்கணக்காகத் திருத்திக்கொண்டிருக்கிறார். நம்மில் பலர் அவரைக் கேலிப் பாத்திரமாகவே ஞாபகம் வைத்திருப்போம். நானும் கல்லூரியில் படித்தபோது டாக்டர் ரியுவையும் தாருவையும்தான் கொண்டாடினேன். ஆனால் கதைசொல்லி ஓரிடத்தில் நின்று நிதானமாகச் சொல்கிறார்: இந்தக் கதைக்கு ஒரு நாயகன் வேண்டும் என்று நீங்கள் அடம்பிடித்தால், இந்த எளிய எழுத்தரைத்தான் முன்மொழிவேன் என்று.

இதை அடக்கத்தின் புகழ்ச்சி என்று வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு இப்போது வேறு மாதிரி படுகிறது. வாக்கியத்தைத் திருத்துகிற கிராண்டும் எண்களைப் பதிகிற கிராண்டும் ஒரே ஆள். இரண்டிலும் முடிவு இல்லை, கைதட்டல் இல்லை, நாளைக்கும் அதேதான். காம்யு எழுதுவதையும் கண்காணிப்பதையும் ஒரே மேசையில் உட்காரவைத்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் நகரமே வெடி வெடித்துக் கொண்டாடும்போது, கிருமி சாகாது, வருஷக்கணக்கில் துணிமணியிலும் மரச்சாமான்களிலும் காத்திருக்கும் என்று ரியு நினைத்துக்கொள்வது இதனால்தான் அர்த்தப்படுகிறது. மறுநாளிலிருந்து அந்த ஊருக்குத் தேவை ரியு இல்லை, கிராண்ட்.

நாவல் அங்கே முடிந்துவிடுகிறது என்பதுதான் என் குறை. அந்த மறுநாளைக் காம்யுவாலும் எழுத முடியவில்லை.

5

இப்போது யவத்துக்குத் திரும்பலாம். அங்கே எழுதியவர் இருந்தார். பிரதி இருந்தது, அச்சிலும் வந்தது. இல்லாதது எது? வாசகர்.

இலக்கிய வாசகர்களான நமக்கு இது புரியாத விஷயமில்லை. வாசிக்கப்படாத பிரதி எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். கண்காணிப்பைப் பற்றிப் பேசும்போது பொறி, ஆய்வகம், செலவு என்று எழுதுகிற பக்கத்தை மட்டுமே பேசுகிறோம். இத்தாலியின் போ நதிச் சமவெளியில், எமிலியா-ரொமான்யா பகுதியில், வெஸ்ட் நைல் வைரஸுக்காகக் கோடை முழுக்கக் கொசு பிடிக்கிறார்கள். ஒரு குழாயில் ‘உண்டு’ என்று வந்தால், அந்த மாகாணத்தில் தானமாக வரும் ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்குகிறார்கள். மனிதர்களில் ஒருவருக்குக்கூட நோய் வராத நிலையிலும். அங்கே கொசு எழுதியதை இன்னார் வாசிக்க வேண்டும், வாசித்ததும் இன்னது செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. யவத் கொசுவுக்கு அப்படி ஒரு முகவரி இருந்ததாகத் தெரியவில்லை.

இருந்திருந்தால் 2006 வந்திருக்காதா? அப்படிச் சொல்ல மாட்டேன். கடல் கடந்து வந்த அலையை ஒரு குழாய் நிறுத்தாது. அன்று தடுப்பூசியும் இல்லை. ஆனால் மருத்துவர்களுக்கு நோயின் பெயர் முன்பே பரிச்சயமாகியிருக்கும். பரிசோதனை வசதிகள் தயாராகியிருக்கும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்லும் ஆள் ஒரு மழைக்காலம் முன்னதாகத் தெருவுக்கு வந்திருப்பார். ஆச்சிக்கு மூட்டுவலி வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். வராமலிருந்தால் அது ஒரு சம்பவமாகவே இருந்திருக்காது. எனக்கு இந்தக் கட்டுரை எழுதக் காரணமும் இருந்திருக்காது. இந்த வேலையின் வெற்றி தன்னைப் பற்றிய கதையையே அழித்துவிடுகிறது. பட்ஜெட் போடுகிறவரும் நாவல் எழுதுகிறவரும் வழுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்.

இதை மேட்டில் நின்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. முந்தைய வேலையொன்றில் என் முறை வரும் வாரங்களில், ஒரு சர்வரின் வட்டு நிரம்புவதாக ராத்திரி மூன்று மணிக்கு எச்சரிக்கை வரும். எழுந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. இருபதாவது தடவையோ என்னவோ, அந்த எச்சரிக்கையை மியூட் செய்தேன். டீமில் எல்லோரும் நன்றி சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்த வட்டு உண்மையிலேயே நிரம்பியது. யாரும் சாகவில்லை, சிலருக்குப் பணம் போய்ச்சேரத் தாமதமானது, அவ்வளவுதான். ஆனால் ஓரானின் காவலாளி எப்படி உருவாகிறார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் முட்டாள் இல்லை. நிறையத் தடவை ஒன்றும் நடக்காததைப் பார்த்துப் பழகியவர்.

அந்தப் பழக்கத்தை உடைக்கிற எழுத்து எப்படி இருக்கும்? எனக்குத் தெளிவான விடை இல்லை. விதிமுறைகள் போட எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் அதற்கான பொருள் நம் பக்கத்திலேயே கிடக்கிறது. 1950களின் நடுவில், வேலூர் வட்டாரத்தில்தான் இந்தியாவின் முதல் மூளைக்காய்ச்சல், ஜப்பானிய வகை, அடையாளம் காணப்பட்டது. பின்னாளில் மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் ஆட்கள் தென்னார்க்காட்டுக் கிராமங்களின் மாட்டுத் தொழுவங்களில், பொழுது சாய்ந்ததும் டார்ச்சும் உறிஞ்சு குழாயுமாகக் கொசு பிடித்தார்கள். மாதாமாதம், வருஷக்கணக்காக. பிடித்ததை அரைத்து, மனிதரைக் கடிக்காத ஒரு ராட்சதக் கொசுவுக்குள் செலுத்தி, வைரஸ் வளர்கிறதா என்று பார்த்தார்கள். தொழுவத்தின் மூத்திர வாசனை, மாட்டின் வால் வீச்சு, ‘ராத்திரியில இங்க என்ன சார் பண்றீங்க?’ என்று கேட்கும் வீட்டுக்காரர், மறுநாள் எழுதும் ‘இல்லை’. இதில் ஒரு நாவல் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆச்சி 2014 வரை இருந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமைதோறும் கொல்லைப்புறத் தொட்டியைக் குனிந்து பார்ப்பாள். முட்டி மடங்காது என்பதால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குனிய வேண்டும். நெளிகிற புழு இருந்தால் தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவுவாள், இல்லாவிட்டால் மூடிவைப்பாள். வேலைக்குச் சேர்ந்து நான் பெங்களூர் வந்தபிறகு, ஞாயிற்றுக்கிழமை போனில் அதையும் ஒரு செய்தியாகச் சொல்வாள்.

“இந்த வாரம் தொட்டியில ஒண்ணும் இல்லய்யா.”

நான் ‘சரி ஆச்சி’ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.